ஓடுவதற்கு உரியவர் யார்? சைக்கிள் ஓட்டப் போட்டியின் வரலாறு பற்றி ஒரு நோக்கு

சில ஆண்டுகளுக்கு முன்னர் கற்பிட்டிப் பகுதியில் விழாவொன்றையொட்டிச் சைக்கிள் ஓட்டப் போட்டி நடைபெற்றது. பாடசாலை மாணவர்க்கெனத் தனிப்பிரிவு ஒன்றும் இருந்தது. என் வகுப்பு மாணவன் ஒருவன் அதற்குப் பெயர் கொடுக்கச் சென்றான். விடியுமுன் கரைக்குச் சென்று, கரைவலையில் பட்ட மீனைப் பெட்டியில் ஏற்றிச் சைக்கிளின் பின்கரியரில் கட்டி, ஊர்களுக்குள் விற்று முடித்துவிட்டுப் பாடசாலைக்கு வருபவன் அவன். ஒழுங்கு செய்தோருள் ஒருவர் அவனைக் கண்டதும், "தம்பி, நீ சைக்கிளிலே தொழில் செய்யிற ஆள். உனக்குக் கால் பழகிப்போச்சு. மற்றப் பிள்ளைகளுக்கு அது அநியாயம். பெரிய ஆக்களோட ஓடு" என்றார். பெரியவர் பிரிவில் ஓட வந்தோர் கியர் பூட்டிய பந்தய வண்டிகளுடன் நின்றனர். அவன் ஓடவில்லை. பக்கத்தில் நின்ற நானும் ஒன்றும் பேசவில்லை. அவர் சொன்னதில் ஏதோ நியாயம் இருப்பதாகவே எனக்கும் அப்பொழுது பட்டது.

அந்த 'நியாயம்' எங்கிருந்து வந்தது என்பதைப் பின்னர் படித்தறிய நேர்ந்தது. அது எமது கரையில் பிறந்ததன்று. அதற்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அதனைச் சொன்னவர் அவ்வரலாற்றை அறிந்திருக்க மாட்டார். ஆயினும் ஒரு வர்க்கம் தன் வசதிக்காக ஆக்கிக்கொண்ட கருத்து, காலப்போக்கில் யாவருக்கும் பொதுவான நீதிபோல் தோற்றங்கொள்ளும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

1866 இல் லண்டனில் அமெச்சூர் தடகளக் கழகம் நிறுவப்பட்டது. பணத்துக்காகப் போட்டியிடாது, விளையாட்டின்மீது கொண்ட விருப்பினால் மட்டும் போட்டியிடுபவரே 'அமெச்சூர்' என்பது பொதுவான விளக்கம். இதில் குறைகாண்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் அக்கழகத்தார் இந்த எல்லையோடு நிற்கவில்லை. கைவினைஞர், தொழிலாளர், கூலியாட்கள் ஆகியோர் அமெச்சூர் ஆகார் என்ற விதியையும் அவர்கள் வகுத்தனர். பந்தயத்தில் ஒரு காசும் பெறாதவனாயினும், சம்மட்டி பிடித்து வாழ்பவன் கனவானோடு சமமாக நின்று ஓடலாகாது. உடலுழைப்பு அவனது தசைகளை உரமேற்றிவிட்டது. எனவே எழுதுகோல் பிடிப்பவனுக்கு அது அநீதியாகும் என்பது அவர்கள் கூறிய காரணங்களுள் ஒன்று. கூறாத காரணமும் உண்டு. வேலையாளிடம் தோற்பதை எசமானன் விரும்பான்.

1880 இல் அமைக்கப்பட்ட அமெச்சூர் தடகளச் சங்கம் இவ்விதியைக் கைவிட்டது. ஆனால் ஹென்லி படகோட்டப் போட்டியினர் 1879 இல் எழுதிக்கொண்ட இத்தகைய விதியை 1937 வரை விடாது காத்தனர். 1920 இல் அமெரிக்கப் படகோட்டி ஜாக் கெலி அப்போட்டிக்கு விண்ணப்பித்தபொழுது மறுக்கப்பட்டார். அவர் சார்ந்த கழகத்தின்மீது பழைய தடையொன்று இருந்தது உண்மை; அவர் கொத்துவேலை செய்தவர் என்பதும் காரணமாயிற்று. அதே ஆண்டில் அன்ட்வர்ப் ஒலிம்பிக் போட்டியில் அவர் தங்கம் வென்றார். கற்பிட்டியில் என் மாணவனுக்குச் சொல்லப்பட்டதும் ஹென்லியில் கெலிக்குச் சொல்லப்பட்டதும் ஒன்றே.

இனிச் சைக்கிளை நோக்குவோம். 1817 இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிராய்ஸ் செய்த இருசில்லு வண்டிக்கு மிதி இல்லை. காலால் நிலத்தை உந்தியே அதில் செல்லவேண்டும். 1860களில் பாரிஸில் முன்சில்லில் மிதி பொருத்தப்பட்டது. 1869 நவம்பர் 7 ஆம் நாள் பாரிஸிலிருந்து ரூவன் நகர் வரை 123 கிலோமீட்டர் தூரப் பந்தயம் நடைபெற்றது. ஊர்விட்டு ஊர் செல்லும் நெடுந்தூரச் சைக்கிள் பந்தயங்களுக்கு அதுவே முன்னோடி. வென்ற ஜேம்ஸ் மூர் பத்தரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். பெண்ணொருவரும் 'மிஸ் அமெரிக்கா' என்ற பெயரில் ஓடி 29 ஆவதாக வந்து சேர்ந்தார். பெண்கள் சைக்கிள் ஓட்டத்துக்குப் பிந்தி வந்தவர்கள் என்று எண்ணுவோர் இதனை நினைவிற்கொள்ள வேண்டும்.

அடுத்து வந்த உயர்சில்லு வண்டி விலை மிகுந்தது, ஏறுவது கடினம், விழுந்தால் ஆபத்து. அது பெரும்பாலும் வசதி படைத்த இளைஞரின் வாகனமாயிற்று. 1885 இல் ஜோன் கெம்ப் ஸ்டார்லி ஆக்கிய 'றோவர்' வண்டியில் இரு சில்லுகளும் ஏறத்தாழ ஒரே அளவின. பின்சில்லைச் சங்கிலி இயக்கிற்று. இன்று எமது வீதியிற் செல்லும் சைக்கிளின் உருவம் அப்பொழுதே அமைந்துவிட்டது. 1888 இல் ஜோன் டன்லப் காற்றடைத்த ரயருக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் வில்லி ஹியூம் என்பவர் அந்த ரயருடன் ஓடித் திண்மையான ரயருடன் ஓடியோரையெல்லாம் வென்றார். அதன்பின் திண்மையான ரயர் பந்தயத்தில் நிலைக்கவில்லை.

காற்றடைத்த ரயருக்கு இறப்பர் வேண்டும். எங்கள் நாட்டின் வரலாறு இவ்விடத்திலேயே சைக்கிளின் வரலாற்றோடு பிணைகிறது. 1876 இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற விதைகள் லண்டன் கியூ பூங்காவில் முளைக்கவைக்கப்பட்டன. அவ்வாண்டே நாற்றுகள் இலங்கையின் ஹெனரத்கொடைத் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. பின்னர் எழுந்த இறப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டியவருள் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளரும் அடங்குவர். இலங்கையின் மரங்கள் பெருமளவிற் பயன் தருமுன்னர், 1890களில் ஐரோப்பா சைக்கிள் மோகங்கொண்டு கேட்ட இறப்பரின் ஒரு பகுதி கொங்கோவின் காடுகளிலிருந்து சென்றது. பெல்ஜிய மன்னர் லியோபோல்டின் ஆட்சியில், குறித்த அளவு இறப்பர் கொணராத ஆபிரிக்கரின் கைகள் வெட்டப்பட்டன. அக்கொடுமைகளை ரோஜர் கேஸ்மென்டின் அறிக்கை 1904 இல் உலகறியச் செய்தது. பாரிஸ் ஓட்டக்களத்திலே சில்லு மிருதுவாக உருண்டபொழுது, அதன் விலையைக் கொங்கோவில் வேறொருவன் செலுத்திக்கொண்டிருந்தான்.

உற்பத்தி பெருகியதும் சைக்கிளின் விலை இறங்கிற்று. பழைய வண்டிகள் கைமாறின. தொழிலாளி சைக்கிளில் ஏறினான். வேலைத்தலத்துக்கு அருகிலேயே குடியிருக்கவேண்டிய கட்டாயம் அவனுக்குத் தளர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை நகரைவிட்டு வெளியே செல்லவும் இயன்றது. 1894 இல் பேர்மிங்ஹாமில் ஆறு இளைஞர் கூடி, றொபேர்ட் பிளாச்போர்ட் நடத்திய 'கிளாரியன்' என்ற சோஷலிசப் பத்திரிகையின் பெயரால் சைக்கிள் கழகம் ஒன்றைத் தொடங்கினர். கிராமந்தோறும் சென்று துண்டுப் பிரசுரம் வழங்குவதும் கூட்டம் நடத்துவதும் அவர்களது சவாரியின் பகுதிகளாயின.

ஜெர்மனியில் 1896 இல் 'சொலிடாரிட்டேற்' என்ற தொழிலாளர் சைக்கிள் சங்கம் பிறந்தது. 1920களில் அதன் உறுப்பினர் தொகை மூன்று இலட்சம் என்ற அளவை எட்டியது. ஒபன்பாக் நகரில் சங்கத்துக்குச் சொந்தமாகவே சைக்கிள் தொழிற்சாலை இருந்தது. வேகப் பந்தயத்தை இச்சங்கத்தார் தொடக்கத்தில் ஐயத்துடனேயே நோக்கினர். ஒருவனை ஒருவன் வீழ்த்தி முந்துவது முதலாளிய ஒழுக்கத்தின் நிழல் என்பது அவர்கள் கருத்து. அணியாகச் சேர்ந்து ஓடும் கலையையும், மெதுவாகச் செலுத்தும் போட்டியையும் அவர்கள் போற்றினர். எமது நாட்டில் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டுகளில் இன்றும் மெதுவாகச் சைக்கிள் ஓட்டும் போட்டி உண்டு. காலை நிலத்தில் ஊன்றாது கடைசியாக வருபவனே அதில் வெற்றியாளன். எமது ஊர்ப்போட்டி ஜெர்மானியச் சங்கத்திடமிருந்து வந்ததன்று. ஆயினும் விலையுயர்ந்த வண்டிக்கு அதில் எவ்விதச் சலுகையும் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். 1933 இல் ஹிட்லரின் ஆட்சி 'சொலிடாரிட்டேற்' சங்கத்தைத் தடைசெய்து அதன் உடைமைகளைப் பறித்தது. சைக்கிளோட்டிகளின் சங்கத்தைக் கண்டும் பாசிசம் அஞ்சியது.

வர்க்கத் தடையோடு நிறத்தடையும் இருந்தது. அமெரிக்கச் சைக்கிளோட்டிகளின் சங்கம் 1894 இல் வெள்ளையர் அல்லாதாரை உறுப்பினராகச் சேர்க்க மறுத்தது. ஐந்து ஆண்டு கழித்து, 1899 இல், மொன்றியலில் நடைபெற்ற உலகப் போட்டியில் மேஜர் டெய்லர் என்ற கறுப்பின வீரர் வென்றார். களத்திலே வெள்ளை ஓட்டிகள் அவரைச் சூழ்ந்து தடுப்பர். ஊர்களில் உணவகங்கள் அவருக்கு உணவு மறுக்கும். 1932 இல் அவர் வறுமையில் இறந்தார். அத்தடையை அச்சங்கம் முறைப்படி நீக்கியது 1999 இல். அதாவது வெற்றிக்கு நூறு ஆண்டு கழித்து!

அமெச்சூர் நெறியின் தூய்மையும் வெகுநாள் நிலைக்கவில்லை. 1880களிலேயே சைக்கிள் கம்பெனிகள், அமெச்சூர் எனப் பெயர்பெற்ற ஓட்டிகளுக்கு மறைவாகப் பணமும் வண்டியும் கொடுத்தன. கம்பெனியின் வண்டி வென்றால் விற்பனை பெருகும். வீட்டில் வருமானமுள்ளவன் பணம் வாங்காது ஓடலாம். வேலைக்கு ஒருநாள் செல்லாவிடின் அடுப்பெரியாதவன் என்ன செய்வான்? மறைவாகப் பெறுவான், அல்லது தொழின்முறை ஓட்டியாவான். 1903 இல் 'லோட்டோ' பத்திரிகை தன் விற்பனையைப் பெருக்கத் தொடங்கிய பிரான்சுச் சுற்றுப் பந்தயத்தின் முதல் வெற்றியாளர் மொறிஸ் காரன், இளமையில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர். ஆறு கட்டங்களில் 2428 கிலோமீட்டர் ஓடவேண்டியிருந்தது. அப்பந்தயத்தை நடத்திய ஹென்றி டெகிராஞ்ச், மலையேற உதவும் கியர் மாற்றியைப் பந்தயத்தில் 1937 வரை அனுமதிக்கவில்லை. ஓட்டியின் வேதனையே பத்திரிகைக்குச் செய்தியாயிற்று.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் வேறொரு முயற்சி தோன்றியது. 1948 மே முதலாம் நாள் போலந்து, செக்கோஸ்லோவாக்கியா ஆகிய நாடுகளின் கம்யூனிஸ்டுப் பத்திரிகைகள் வார்சோவுக்கும் பிராகுக்குமிடையே அமெச்சூர் பந்தயத்தைத் தொடங்கின. 1952 இல் கிழக்கு ஜெர்மனியும் சேர்ந்தது. 'சமாதானப் பந்தயம்' என்று அது பெயர்பெற்றது. பிக்காசோவின் புறா அதன் சின்னம். போரினால் இடிந்த நகரங்களின் ஊடாக, முன்பு பகைவராயிருந்த நாடுகளின் இளைஞர் ஒன்றாக ஓடினர். அவ்வாண்டு வென்றவர் பிரித்தானியரான இயன் ஸ்டீல். 1955 இலும் 1959 இலும் வென்ற கிழக்கு ஜெர்மானியர் குஸ்தாவ் சூர் மக்களின் பேரன்பைப் பெற்றார்.

இம்முயற்சியைப் போற்றும் நாம் அதன் குறையையும் மறைத்தலாகாது. அந்நாடுகளின் 'அமெச்சூர்' ஓட்டிகளுட் பலர் அரசின் சம்பளத்தில் முழுநேரமும் பயிற்சி செய்தவர்கள். கிழக்கு ஜெர்மன் அரசு தன் விளையாட்டு வீரர்க்கு ஊக்கமருந்து கொடுத்த கொடுமையும் பின்னர் வெளிப்பட்டது. மனிதனை உயர்த்தவென எழுந்த அமைப்பு, பதக்கத்துக்காக மனித உடலைக் கருவியாக்கியதை முற்போக்காளர் நியாயப்படுத்தலாகாது. 1996 இல் அட்லாண்டா ஒலிம்பிக் போட்டியில் தொழின்முறைச் சைக்கிளோட்டிகளும் அனுமதிக்கப்பட்டபொழுது, அமெச்சூர் என்ற பழைய சுவர் வீழ்ந்தது. சமாதானப் பந்தயம் 2006 இல் இறுதியாக நடைபெற்றது.

இனி, 'கால் பழகிப்போச்சு' என்ற சொல்லை ஆராய்வோம். சமதளத்தில் விரைந்து செல்லும் சைக்கிளோட்டிக்கு முதற் பகைவன் காற்று. காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கேற்பப் பெருகும். அதனை வெல்ல வேண்டிய வலு மும்மடிக்கேற்பப் பெருகும். வேகத்தை இருமடங்காக்க விரும்புபவன் காற்றுக்கு எதிராக எண்மடங்கு வலு செலுத்தவேண்டும். ஆகவேதான் பந்தய ஓட்டிகள் முதுகை வளைத்துக் குனிகின்றனர். ஒருவர் பின் ஒருவராக ஒட்டிச் செல்கின்றனர். முன்செல்பவனின் மறைவிற் செல்பவனுக்கு ஏறத்தாழக் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை உழைப்பு மிஞ்சும். எனவே சைக்கிள் பந்தயம் தனிமனிதப் போட்டியாகத் தோன்றினும் உண்மையிற் கூட்டுழைப்பாகும். முன்னால் நின்று காற்றை வாங்குபவன் ஒருவன் இல்லாது வெற்றியாளன் இல்லை.

பாலாவியிலிருந்து கற்பிட்டிவரை ஏறத்தாழ 40 கிலோமீட்டர் வீதி மேடுபள்ளமற்றது. ஆனால் ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்பும் கொண்ட இந்நிலத்தில், மே முதல் செப்ரெம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓயாது வீசும். அக்காற்றிற் பட்டம் பிடித்து அலைமேற் சறுக்கவே வெளிநாட்டார் இன்று இங்கு வருகின்றனர். அதே காற்றில், மீன்பெட்டியைக் கட்டிக்கொண்டு, மீன் பழுதடையுமுன் கண்டக்குளியிலிருந்தும் ஆலங்குடாவிலிருந்தும் சைக்கிள் மிதிப்பவர்களும் உளர். பயிற்சியாளர்கள் எழுதும் விதிகள் யாவை? நெடுநேரம் சீராக ஓட்டி இருதயத்தை உரமாக்குக. இடையிடையே குறுகிய நேரம் முழுவலுவுடன் மிதித்து இளைப்பாறுக. எதிர்க்காற்றிற் பழகுக என்பனவே. இவற்றை என் மாணவன் புத்தகத்திற் படிக்கவில்லை. நாள்தோறும் செய்தான். ஆனால் பயிற்சியாளர் வலியுறுத்தும் மற்ற இரண்டு, போதிய உணவும் போதிய உறக்கமும், அவனுக்குக் கிடைக்கவில்லை. வசதியுள்ள பிள்ளைக்கு இவ்விரண்டும் உண்டு. அவன் பயிற்சி செய்தால் அது 'ஆர்வம்' எனப் பாராட்டப்படும். ஏழைப் பிள்ளையின் பயிற்சி மட்டும் 'தொழில்' ஆகிவிடுகிறது.

வண்டியையும் ஒப்புநோக்குக. சாதாரண வீதிச் சைக்கிள் ஏறத்தாழ 20 கிலோ நிறையுடையது. உலகப் பந்தயங்களில் வண்டியின் நிறை 6.8 கிலோவுக்குக் குறையலாகாது என்று சர்வதேசச் சங்கம் 2000 ஆம் ஆண்டு முதல் விதித்திருக்கிறது. குறைத்துக்கொண்டே போகும் வல்லமை பணத்துக்கு உண்டு என்பதாலேயே இவ்வெல்லை வேண்டியதாயிற்று. பன்னிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட வேறுபாட்டை எவரும் அநியாயம் என்று கூறவில்லை. பழகிய காலே அநியாயமாகத் தெரிந்தது!

உழைப்பும் ஓட்டமும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல என்பதற்கு பெரில் பேர்ட்டன் சான்று. இங்கிலாந்தின் யோக்சயர் பகுதியில் ருபார்ப் என்னும் தண்டுப்பயிர்த் தோட்டத்தில் உடலுழைப்புச் செய்த இப்பெண்மணி, வாழ்நாள் முழுதும் அமெச்சூர். ஏழு உலகப் பட்டங்கள் வென்றவர். 1967 இல் நடைபெற்ற பன்னிரண்டு மணிநேர ஓட்டத்தில் அவர் 277.25 மைல், அதாவது ஏறத்தாழ 446 கிலோமீட்டர், ஓடினார். அது அன்றைய ஆண்களின் சாதனையையும் விஞ்சியது. வழியில் தாம் முந்திச்சென்ற ஆண் ஓட்டிக்கு அவர் இனிப்பொன்றை நீட்டினார். ஆயினும் ஒலிம்பிக்கில் பெண்களுக்குச் சைக்கிள் போட்டி 1984 வரை இல்லை. அவர் அங்கு ஓடவேயில்லை. தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்பித்தது. கல்லுடைக்கும் பெண்களும் கிராமத் தாதிகளும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினர். எமது கற்பிட்டிப் போட்டியிலோ பெண்கள் பிரிவே இருக்கவில்லை.

எமது மக்களுக்குச் சைக்கிள் ஒருபொழுதும் வெறும் விளையாட்டுப் பொருளாயிருந்ததில்லை. 1990களில் வடக்கின்மீது பொருளாதாரத் தடை இருந்தபொழுது யாழ்ப்பாணம் சைக்கிளிலேயே நகர்ந்தது. நோயாளியும் விறகும் அதிலேயே சென்றனர். சில்லைச் சுழற்றி டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டனர். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடபுல முஸ்லிம்களை வெளியேற்றினர். எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீடும் தொழிலும் இழந்தனர். அவருட் பெரும்பகுதியினர் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் அடைக்கலம் புகுந்தனர். முகாமில் முதலிற் சம்பாதித்தது ஒரு பழைய சைக்கிள்தான் என்றும், அதிற் பொருள் கட்டி விற்றே பிள்ளைகளை வளர்த்ததாகவும் என் மாணவரின் தந்தையர் சிலர் கூறக் கேட்டிருக்கிறேன். 2022 இல் எரிபொருள் இன்றி நாடு வரிசையில் நின்றபொழுது, மோட்டார் வாகனத்திற் சென்றோரும் சைக்கிளைத் தேடினர்.

இன்று இலங்கையின் பெரும் பந்தயங்களில் முப்படைகளின் அணிகளே பெரிதும் முன்னிற்கின்றன. ஏழைக் கிராமத்து இளைஞனுக்கு உணவும் வண்டியும் பயிற்சிக்கான நேரமும் சம்பளத்தோடு தரக்கூடிய நிறுவனங்கள் வேறு அரிதாயிருப்பதே காரணம். சீருடை அணிந்தாலன்றி உழைப்பாளியின் பிள்ளை ஓடமுடியாத நிலை ஒரு நாட்டுக்குப் பெருமையன்று. இலவசக் கல்வியை 1945 இல் கண்ட நாடு இது. எழுத்து அனைவர்க்கும் உரியது என்று ஏற்ற சமூகம், விளையாட்டும் அவ்வாறே உரியது என்று ஏற்பதில் என்ன தடை?

செய்யவேண்டியவை பெரியனவல்ல. பாடசாலைப் போட்டியில் எல்லாரும் கியரற்ற சாதாரண வண்டியிலேயே ஓடுக. வண்டியில்லாதவனுக்குப் பாடசாலை வண்டி கொடுக்குக. பெண்களுக்குப் பிரிவு வைக்குக. போட்டியைக் காலையில் மீன் விற்று முடியும் நேரத்தின் பின் வைக்குக. தொழில் செய்பவன் என்ற காரணத்தால் எவனையும் விலக்காதிருக்குக. இவற்றை எங்கள் பாடசாலை விளையாட்டுக் குழுவில் நான் இவ்வாண்டு முன்வைத்தேன். கடைசி யோசனை பற்றியே நெடுநேரம் விவாதம் நடந்தது. "பழகினவனோட பழகாதவன் எப்படி ஓடுறது, சேர்?" என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். "பரீட்சையிலே ரியூசன் போனவனோட போகாதவன் எழுதுறானே, அதை நாங்க தடுத்தோமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார், யோசனை நிறைவேறியது.

ஆனால் அந்த மாணவன் இப்பொழுது பாடசாலையில் இல்லை. சாதாரண தரத்தோடு நின்றுவிட்டான். விடியற்காலையில் நுரைச்சோலை வீதியில் சில நாள் அவனைக் காண்கிறேன். எதிர்க்காற்றிற் குனிந்து, பெட்டியுடன், என் மோட்டார் சைக்கிளைக் கண்டு கையுயர்த்திவிட்டுச் செல்கிறான். அன்று நான் பேசியிருக்க வேண்டியதை இப்பொழுது எழுதுகிறேன். எழுத்து அவனுக்கு அந்தப் போட்டியைத் திருப்பித் தராது. அடுத்த பெயர்ப்பட்டியல் எழுதப்படும் மேசையருகே நிற்கும் ஆசிரியர் எவராயினும், அவர் என்னைப்போல் வாய்மூடி நிற்காதிருப்பாராக.